தொட்டால் ஏறுமா காசு? வடசென்னைப் பயணக் குறிப்புகள்

வியாழன். எழும்பூரிலிருந்து புது வண்ணாரப்பேட்டை

சித்தப்பா தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். வயர், சுவிட்ச், பல்பு, சீசனுக்கு ஃபேன். போன வாரம் போன் செய்தார்.

"கார்டு மெஷின் வச்சுக்கோங்கன்னு ஒரு பையன் தினமும் வந்து நிக்கிறான்டா. தொட்டாப் போதும், காசு ஏறிடும்ங்கறான். நீதான் அந்த வேலை பாத்தவனாச்சே, வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

சில வருஷம் கடை கடையாகப் போய் ஸ்வைப் மெஷின் மாட்டியவன் நான். பழுதானால் பார்ப்பேன், கடையை மூடினால் கழற்றிக்கொண்டு வருவேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் திருச்சி தில்லைநகரில் ஓடுகிற விஷயம் தண்டையார்பேட்டையிலும் ஓடும் என்று எப்படிச் சொல்வது? லீவும் கையில் இருந்தது. நாலு இடம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பகல் ரயிலில் ஏறிவிட்டேன்.

எழும்பூரில் இறங்கி மெட்ரோ. சென்ட்ரலில் நீலத் தடத்துக்கு மாற வேண்டும். உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று பூமிக்கடியிலேயே போகிற ரயில், தண்டையார்பேட்டை தாண்டித்தான் வெளிச்சத்துக்கு ஏறுகிறது. விம்கோ நகர் வரையிலான இந்த ஒன்பது கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறந்தது. அதற்கு முன்னால் இந்தப் பக்கம் வருவதென்றால் ஆட்டோக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "அங்க வந்தா ரிட்டர்ன் கெடைக்காது சார்" என்று அந்தக் காலத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

என்னிடம் இருப்பது சிங்காரச் சென்னை அட்டை. 2023-ல் வந்தது. நாடு முழுக்க ஒரே அட்டை என்று 2019 மார்ச்சில் தொடங்கிய ரூபே போக்குவரத்து அட்டையின் சென்னை வடிவம். கேட்டில் வைத்தேன், திறந்தது. எனக்கு அடுத்து வந்த கல்லூரிப் பையனுக்குத் திறக்கவில்லை. ராத்திரிதான் போனில் இருநூறு ரூபாய் ஏற்றினானாம். ஊழியர் அவனைப் பக்கத்திலிருந்த இயந்திரத்துக்கு அனுப்பினார். அங்கே அட்டையை ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டு வந்தான், கேட் திறந்தது.

எந்த ஊரில் இந்த வகை அட்டை வாங்கினாலும் இதுதான் முறை. போனில் ஏற்றிய பணம் வங்கியின் கம்ப்யூட்டரில் காத்திருக்கும். ஏதாவது ஓர் இயந்திரம் அதைச் சில்லுக்குள் எழுதிய பிறகுதான் அட்டைக்கு அது தெரியும். கேட் எந்த வங்கியையும் கேட்பதில்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது, எந்த ஸ்டேஷனில் ஏறினான் என்று அட்டையையே கேட்டு, அரை நொடிக்குள் முடிவெடுத்துவிடும். நெட்வொர்க் செத்துக் கிடந்தாலும் கூட்டம் நிற்காமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதனால் அட்டைக்குள் இருக்கிற பணத்தைச் சட்டைப்பையில் இருக்கிற ரொக்கம் மாதிரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டைக்குள் பேட்டரி கிடையாது. கேட்டில் இருக்கிற கருவி, நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை அலைகிற காந்தப்புலம் ஒன்றைப் பரப்பிக்கொண்டே இருக்கிறது. அட்டையின் ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பிச்சுருள் ஓடுகிறது. புலத்துக்குள் வந்ததும் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும், சில்லு விழித்துக்கொள்ளும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தது இதன் அடிப்படை. வேலை செய்கிற தூரம் நாலு சென்டிமீட்டர் சொச்சம். சில அட்டைகளின் பின்னால் டார்ச் அடித்தால் சுருள் நிழலாகத் தெரியும். பயிற்சிக்கு வருகிற புதுப் பையன்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

வெள்ளி. திருவொற்றியூர்

காலையில் சித்தியோடு வடிவுடையம்மன் தரிசனம். தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் பக்கம்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டம். பூக்காரம்மா கூடையின் விளிம்பில் பூச்சரங்களுக்கு நடுவே லேமினேட் செய்த க்யூஆர் அட்டை ஒன்று தொங்குகிறது. அதன் ஓட்டை வழியாகக் கோத்திருப்பதும் பூக்கட்டுகிற நார்தான்.

திரும்பும்போது பஸ். முன்பக்கம் பிங்க் அடித்த சாதாரணக் கட்டண வண்டி. சித்திக்கு டிக்கெட் இலவசம், 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். எனக்கு மட்டும்தான் காசு. கண்டக்டரிடம் அட்டையை நீட்டினேன். 2025 ஜனவரியிலிருந்து இதே அட்டை மாநகரப் பேருந்திலும் செல்லும்.

"கார்டா? குடுங்க." இயந்திரத்தில் இரண்டு பொத்தான் அழுத்தினார், அட்டையை அதன் முகத்தில் வைத்தார், சீட்டு வந்தது. சில்லறைப் பேச்சே எழவில்லை. பக்கத்தில் நின்றவர் ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் வண்டி நிறையப் பெண்கள். அத்தனை பேருக்கும் பூஜ்ஜியம் போட்ட சீட்டு. பஸ்ஸில் தினமும் போகிற பாதிப் பேருக்கு இந்த அட்டைக்கு வேலையே இல்லை என்று அங்கேதான் உறைத்தது. கட்டணமே இல்லாததை விட வேகமாகக் கட்டணம் கட்ட எந்தத் தொழில்நுட்பத்தாலும் முடியாது.

சனி. சித்தி வீட்டுச் சமையலறை, பிறகு பர்மா பஜார்

காலையில் காபி கொடுத்துக்கொண்டே சித்தி ஒரு வாட்ஸப் வீடியோவைக் காட்டினார். கூட்டமான ரயில். ஒருவன் கையில் கார்டு மெஷின். பக்கத்தில் நிற்பவரின் பின்பாக்கெட்டில் அதை ஒட்டுகிறான், பணம் போய்விடுகிறது. "இதுக்குத்தான்டா அந்த வைஃபை கார்டை பீரோல வச்சுப் பூட்டிட்டேன்" என்றார். அட்டையின் முகத்தில் நாலு வளைகோடு இருப்பதால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் அது வைஃபை கார்டுதான்.

பீரோவிலிருந்து அட்டையை எடுத்து வரச் சொன்னேன். என் போனில் அட்டைகளைப் படிக்கிற ஆப் ஒன்று இருக்கிறது, பழைய வேலையின் மிச்சம். போனின் முதுகில் அட்டையை வைத்ததும் கார்டு நம்பர் முழுசாகத் திரையில் வந்து நின்றது. கீழே காலாவதி மாதம், வருடம். சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!"

வந்ததை விட வராததுதான் முக்கியம் என்றேன். பின்பக்கம் இருக்கிற மூன்று இலக்க எண் வரவில்லை. பின் நம்பர் வரவில்லை. பெயரும் வரவில்லை. நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு நம்மூர் வெப்சைட்டில் எதையும் வாங்க முடியாது, ஓடிபி கேட்கும். சில வெளிநாட்டு வெப்சைட்டுகள் கேட்காது. அதற்குத்தான் 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கிற அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்தே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தொட்டுக் கட்டுவதும் அதே மாதிரிதான். வேண்டும் என்று நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும்.

மெஷினைப் பாக்கெட்டில் ஒட்டுகிறவன் விஷயத்துக்கு வருவோம். பின் இல்லாமல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை போகும், உண்மை. 2,000 ஆக இருந்த உச்சவரம்பை 2021 ஜனவரியில் உயர்த்தினார்கள். ஆனால் மெஷின் என்பது சந்தையில் வாங்கி ஆன் செய்கிற பொருள் இல்லை. ஒரு மெஷின் கொடுக்க கடைக்காரரிடம் நான் வாங்கிய காகிதங்களை அடுக்கினால் ஒரு கோப்பு நிறையும். பான், வங்கிக் கணக்கு, கடையின் போட்டோ எல்லாம் அதில் இருக்கும். திருடுகிற காசு அவன் பெயரில் இருக்கிற கணக்குக்கே போகும், அதுவும் பெரும்பாலும் மறுநாள்தான். அதற்குள் புகார் வந்தால் மாட்டுவது அவன். தொடுகிற ஒவ்வொரு தடவையும் சில்லு புதிதாக ஒரு ரகசியக் குறியீட்டைப் போட்டுத்தான் பேசும், போன தடவைப் பேச்சைத் திருடி இந்தத் தடவை ஓட்ட முடியாது. இப்படிச் செய்யவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். திருடனுக்கு இதைவிட லாபமான வழி எத்தனையோ இருக்கிறது. "பேங்க்லேர்ந்து பேசறேன்" என்று போன் போடுவதே போதுமே.

சித்தி சமாதானமாகவில்லை. சரி, பரிசோதித்தே பார்ப்போம் என்று சமையல் மேடையில் கடையைப் பரப்பினோம். அட்டைக்கும் போனுக்கும் நடுவே நாள்காட்டியின் நாலு தாள். படித்தது. சட்டைத்துணியை இரண்டாக மடித்து வைத்தோம், படித்தது. கைப்பிடித் துணியைக் குழாயில் நனைத்து, சொட்டச் சொட்ட நடுவில் வைத்தோம். அப்போதும் படித்தது! ஈரம் தடுக்கும் என்றுதான் சித்தி நினைத்திருந்தார். இந்தக் காந்தப்புலத்துக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் எவர்சில்வர் தட்டு. போன் ஊமையாகிவிட்டது. எப்படித் திருப்பினாலும் சரி, தட்டுக்குப் பின்னால் இருக்கிற அட்டை போனைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. இரண்டு அட்டைகளை ஒட்டி வைத்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, ஆப் குழம்பி நின்றது. பர்ஸில் அட்டைகள் அடுக்கி வைத்திருப்பவர்களைத் தொட்டுத் திருடுவது ஏன் சிரமம் என்று சித்திக்கு அப்போதுதான் புரிந்தது.

சித்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் கொண்டுவந்து போட்டார். ரேஷன் ஸ்மார்ட் கார்டுக்குப் போன் அசையவே இல்லை. 2017-ல் வந்த அந்த அட்டையில் இருப்பது அச்சடித்த க்யூஆர்தான், சில்லு கிடையாது. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு அண்ணனின் கேட் கார்டையும் வைத்துப் பார்த்தோம். வேலை இடத்தில் தொட்டால் கதவு திறக்கும் அட்டைதான், ஆனால் போனுக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி மலிவான வருகைப்பதிவு அட்டைகளில் பல 125 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறவை, போனால் அந்த அலைவரிசையில் பேச முடியாது. பாதுகாப்பும் கம்மி. பூட்டில்லாத ஒரு நம்பரை உரக்கச் சொல்லும், அவ்வளவுதான். அதைக் காப்பி எடுக்கிற கருவி சல்லிசாகக் கிடைக்கிறது. பயப்படுவதென்றால் அதற்குப் பயப்படலாம்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் 1960-களில் போட்ட கடைவரிசை இன்னும் நிற்கிறது. ஒரு மொபைல் கடையில் என்எஃப்சி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டேன். அட்டையும் போனும் இப்படித் தொட்டுப் பேசிக்கொள்கிற முறைக்கு அதுதான் பெயர். பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டம், பின்னால் பசை, உள்ளே 144 பைட் இடம். ஒரு வெப்சைட் முகவரியும் நாலு வார்த்தையும் எழுதலாம். "ஓட்டல்காரங்க வாங்குவாங்கண்ணா. டேபிள்ல ஒட்டி வச்சா, போனை வச்சதும் ரிவ்யூ பக்கம் தொறக்கும்" என்றார் பையன். நல்லதாகத்தான் எழுதுவார்களா என்றதற்குச் சிரித்தார்.

இந்தக் கதையின் ஆரம்பத்தில் நோக்கியாவும் இருக்கிறது. 2004-ல் நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூன்றும் சேர்ந்துதான் என்எஃப்சி ஃபோரம் தொடங்கின. நோக்கியா என்றால் நமக்கு 2006-ல் திறந்து 2014-ல் மூடிய ஸ்ரீபெரும்புதூர் ஆலைதான் ஞாபகம் வரும். 2007-லேயே இந்த வசதியோடு ஒரு நோக்கியா போன் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இது கிடையாது. இரண்டு போன்களை ஒட்டி வைத்து, நெட் இல்லாமலே பணம் மாற்றுகிற யூபிஐ லைட் எக்ஸ் 2023-ல் வந்தது. இரண்டு போனிலும் என்எஃப்சி வேண்டும் என்கிற நிபந்தனையிலேயே இந்தத் தெருவில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள்.

அத்தோ சாப்பிட்டுத்தான் கிளம்பினேன். தள்ளுவண்டியில் மஞ்சள் நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப், பொரித்த வெங்காயம். கடைக்காரர் இரண்டு கையாலும் பிசைந்துகொண்டே இருக்கிறார், முழங்கை வரை எண்ணெய். வண்டியின் மேல்தட்டில் ஒரு சவுண்ட் பாக்ஸ். "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தியதும் தலையை நிமிர்த்தாமலே ஒரு தட்டை நீட்டுகிறார். யார் கட்டினார்கள், எந்த ஆப்பில் கட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். அந்தப் பெட்டியின் நெற்றியிலும் நாலு வளைகோடு இருந்தது, கார்டைத் தொட்டும் கட்டலாம் என்பதற்காக. யாராவது தொடுகிறார்களா என்று கேட்டேன்.

"அதுலயா? சும்மா டிசைன்னு நெனச்சேன்."

ஞாயிறு. காசிமேடு

விடியற்காலை. ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக நினைப்பவர்கள் வண்டியை வெளியிலேயே விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். பழைய செருப்பு போதும், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, விலை ஏறிக் கிடக்கும்.

ஏலம் நடக்கிற இடத்தில் காசு கண்ணிலேயே படுவதில்லை. கூடை கூடையாக மீன் கை மாறுகிறது, ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். கணக்கெல்லாம் தெரிந்தவர்களுக்குள் பின்னால் நேராகும். இங்கே எந்தப் புதுக் கருவிக்கும் வேலை இல்லை.

சில்லறைக்கு விற்கிற அக்காமார் வரிசைக்கு வந்தால்தான் வேடிக்கை. நான் நின்ற இடத்தில் பலகை மேல் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி. பலகையின் காலில் கயிறு கட்டி ஒரு க்யூஆர் அட்டை. அதன் ஒரு மூலையில் செதில் இரண்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது. எனக்கு முன்னால் நின்றவர் போனைக் காட்டினார், கேமரா பிடிக்கவில்லை. அக்கா ஐஸ் தண்ணியில் கையை முக்கி, அட்டையை ஒரு வழி வழித்துவிட்டார். இப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணி நின்று பளபளத்தது, அதனாலும் பிடிக்கவில்லை. பிறகு தோளில் கிடந்த துண்டின் காய்ந்த மூலையைத் தேடி எடுத்துத் துடைத்தார். பிடித்தது. அதற்குப் பிறகு அந்தாளின் விரல் ஈரம், பின் நம்பர் தப்பு. இத்தனையும் முடிவதற்குள் அடுத்த ஆள் தாளாகக் கொடுத்து நெத்திலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நியாயமாகப் பார்த்தால் தொட்டுக் கட்டுவதற்கென்றே பிறந்த இடம் மீன் மார்க்கெட்தான். கேமரா வேண்டாம், துடைக்க வேண்டாம், திரையில் ஈர விரலை வைத்து அழுத்த வேண்டாம். ஈரத்துணி தடுக்காது என்று நேற்றுச் சித்தி வீட்டிலேயே பார்த்தாகிவிட்டது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நின்றால், ஏன் எல்லாரும் இதற்கு மாறவில்லை என்று அங்கலாய்ப்பார்கள். நானும் அப்படிப்பட்ட ஆள்தான், மெஷின் விற்க வந்த காலத்தில்.

அக்காவின் சவுண்ட் பாக்ஸ் பெட்டி ஐஸ்பெட்டிக்கு மேலே, பாலித்தீன் கவருக்குள் இருந்தது. கவரின் வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். அது பேசுகிறது, கவருக்குள்ளிருந்து கொஞ்சம் மூக்கடைத்த குரலில். போனை அவர் தொடுவதே இல்லை. அது இடுப்புச் சுருக்குப்பையில் கிடக்கிறது.

"போன்ல பச்சையா டிக்கு போட்டு காட்டுவாங்க ராசா. அதெல்லாம் நம்பமாட்டேன். ஒரு தபா ஏமாந்துட்டேன், போலி ஆப்பாம். இப்போ பொட்டி பேசணும். பேசிச்சுன்னா தான் மீனு."

நாலு நாளாகக் கடைகளில் பார்த்ததெல்லாம் இந்த ஒரு பேச்சில் வந்து சேர்ந்தது. தொடுவது என்பது கொடுக்கிறவனுக்கு வேகம். பெட்டி பேசுவது வாங்குகிறவளுக்கு உறுதி. மெட்ரோ கேட்டில் வாங்குகிறவனும் ஓர் இயந்திரம்தான், அதனால் அங்கே வேகம் ஒன்றே போதும். இங்கே ஆளுக்கு ஆள் வியாபாரம். கத்தியைக் கீழே வைக்காமல் காசு வந்ததா இல்லையா என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று காசு எப்போது கைக்கு வரும் என்பது. சொந்த யூபிஐக்கு வருவது அந்த நொடியே கணக்கில் இருக்கும். கார்டில் வருவது பெரும்பாலும் மறுநாள். அக்கா நாளைக் காலை ஏலத்துக்கும் ஐசுக்கும் இன்றைய பணத்தைத்தான் புரட்ட வேண்டும், ஒரு நாள் தாமதம் அவருக்கு ஒரு நாள் வட்டி. க்யூஆருக்கு அவர் கட்டணம் எதுவும் கொடுப்பதில்லை. 2020 ஜனவரியிலிருந்து யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் கழிவு பிடிக்கக் கூடாது. மற்ற டெபிட் கார்டுகளுக்குச் சின்னக் கடையிடம் 0.4 சதவீதம் வரை பிடிக்கலாம், கிரெடிட் கார்டுக்கு அதை விட அதிகம். ஆயிரம் ரூபாய் மீனுக்கு நாலு ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றும். அந்த ஆயிரத்தில் அவருக்கு நிற்கிற லாபம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லலாம்.

வஞ்சிரம் அரைக் கிலோ வாங்கினேன். வெட்டிக் கொடுக்கிறவர் வேறு ஆள், அவருக்குத் தனிக் கூலி. அவரிடம் க்யூஆரும் இல்லை, பெட்டியும் இல்லை. மடியில் ஒரு டப்பா, அதில் நாணயம்.

திங்கள். கடையும் எம்.சி. ரோடும்

காலை முழுக்கச் சித்தப்பா கடையில் உட்கார்ந்திருந்தேன். கார்டு இருக்கிறதா என்று யார் கேட்டாலும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள் என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தேன். மொத்தம் நாலு கோடு விழுந்திருந்தது. நாலும் ஃபேன், மோட்டார் என்று பெரிய தொகைக்கு வந்தவர்கள். சுவிட்ச், டேப் ரோல், பல்பு வாங்குகிறவர்கள் எல்லாரும் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். எலக்ட்ரீஷியன்கள் கடன் நோட்டில் எழுதிவிட்டு சனிக்கிழமை தருகிறார்கள். அவர்களுக்கு எந்த மெஷினும் கடனை அடைக்காது.

கிரெடிட் கார்டில்தான் கட்டுவேன் என்கிற ஆளுக்கும் இப்போது மெஷின் கட்டாயமில்லை. ரூபே கிரெடிட் கார்டாக இருந்தால் 2022-லிருந்து யூபிஐ ஆப்பில் இணைத்துக்கொண்டு இதே க்யூஆரில் கட்டலாம். சின்ன வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை அதற்கும் கழிவு இல்லை. சித்தப்பாவுக்கு இது தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டியது மெஷின் விற்க வந்த பையனுடைய வேலை இல்லைதானே.

மாலை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனோம், சித்தியின் தங்கை மகள் கல்யாணத்துக்கு. இந்தத் தெருவில் மெஷின் நன்றாகவே ஓடுகிறது. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், பில் பெரிது, கல்லாவில் வரிசை நிற்கிறது. முதலாளிக்கு வரிசை நகர வேண்டும். மெஷின் வாடகை அவருக்கு ஒரு செலவே இல்லை.

சித்தி முந்தின நாளே வங்கி ஆப்பில் தொட்டுக் கட்டுவதை ஆன் செய்து, உச்சவரம்பை 2,000 என்று குறைத்து வைத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறார்! இரண்டு காட்டன் புடவைக்கு ஆயிரத்துச் சொச்சம் பில். அட்டையை மெஷினில் வைத்தார். பீப் என்று ஒரு சின்னச் சத்தம்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா."

"காசு போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

கல்லாவில் இருந்த பையன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். சித்தி அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். கடையை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக ஓரமாக நின்று, ஆப்பைத் திறந்து, தொடுவதை மறுபடி அணைத்தார். தீபாவளிக்கு ஆன் செய்துகொள்ளலாமாம்.

செவ்வாய். தண்டையார்பேட்டை

மெஷின் பையன் பதினோரு மணிக்கு வந்தான். வெயிலில் பைக்கில் சுற்றிக் களைத்த முகம், தோளில் பை. அந்த வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியும் என்பதால் முதலில் மோர் கொடுக்கச் சொன்னேன். பிறகு பைக்குள் இருப்பதை மேசையில் வைக்கச் சொன்னேன். திரையோடு, பேப்பர் ரோலோடு வருகிற பெரிய மெஷின் ஒன்று. கார்டைத் தொடவும் வசதியுள்ள சவுண்ட் பாக்ஸ் ஒன்று.

சித்தப்பாவிடம் ராத்திரியே நாலு கேள்வி சொல்லி வைத்திருந்தேன். மாச வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் கட்டாயம்? கார்டுக்குக் கார்டு கழிவு எவ்வளவு, எழுத்தில் தருவாயா? பணம் எப்போது கணக்கில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை விற்றால் எப்போது? வேண்டாம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளக் காசு கேட்பாயா? பையன் மூன்றுக்குப் பளிச்சென்று பதில் சொன்னான். நாலாவதற்கு மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றான். நான் வேலை பார்த்த காலத்திலும் நாலாவதற்கு மேனேஜரைத்தான் கேட்போம்.

என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். பெரிய மெஷின் வேண்டாம், நாலு கோட்டுக்கு அது தண்டச் செலவு. பெட்டி வேண்டுமானால் வாங்கலாம். பேசுவதற்காகத்தான் வாங்க வேண்டும், தொடுவது உபரி. ஏணியில் நின்று பல்பு எடுக்கும்போது காசு வந்ததா என்று இறங்கிப் பார்க்க வேண்டாம் அல்லவா? மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஃபேன் விற்கிற நேரத்தில் நாலு பேர் அதில் கார்டும் தொட்டால் நல்லதுதான்.

சித்தப்பா பெட்டியைக் கையில் எடுத்து, தராசுத் தட்டில் வைக்கிற மாதிரி எடை பார்த்தார். திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். மேசையில் வைத்தார்.

"தம்பி, ஃபேன் சீசன் நாலு மாசத்துக்கு வாடகை குடுக்கறேன். மிச்ச மாசம் சும்மா பேசிட்டு இருக்கட்டும். ஆவுமா?"

பையன் மேனேஜருக்குப் போன் போட வெளியே போனான்.